இன்ஜின் பின்னாலதான் வரும், கண்ணு

வா கண்ணு, வா. அந்த மூட்டையை எறக்கி வெச்சுட்டு இந்த பெஞ்சுல உக்காரு. உள்ள இருக்கறது பூராவும் கேமராதானா, இல்ல வீட்டைக் காலி பண்ணிட்டுக் கெளம்பிட்டியா? ரயிலைப் படம் பிடிக்க இத்தனை சாமானு! அந்த டிரைவரு இதுல கால்வாசிச் சாமானை வெச்சுட்டு ரயிலையே ஓட்டிப்போடறாரு. சரி, ரெண்டு டீ சொல்லு. எனக்குச் சக்கரை தூக்கலா. வீட்டுல தெரிஞ்சா வைவாங்க, அதனாலதான் இங்க வந்து குடிக்கறது.

கல்லாறுல எறங்கி நிக்கற மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுபோகும். பழம் வாங்க வந்தவன் பழக்கடைப் பக்கம் திரும்புவான். ஊட்டிக்குப் போறவன் மூத்திரத்துக்கு ஓரம் தேடுவான். வானத்தை ஒருக்கா, தண்டவாளத்தை ஒருக்கா, கைக்கடிகாரத்தை ஒருக்கான்னு மாத்தி மாத்திப் பாத்துட்டு யாருகிட்டயும் வாயே தெறக்காம நிக்கறவன் ரயில் பைத்தியம். கோவிச்சுக்காத. நானும் இந்த லைன்ல கேங்மேனா இருந்து ரிட்டயரானவன்தான். ரயில் உனக்குப் பைத்தியத்தைக் குடுத்துச்சு, எனக்கு முட்டிவலியைக் குடுத்துச்சு. ரெண்டுக்கும் மருந்து கெடையாது.

என்ன முணுமுணுக்கறே? 46 கிலோமீட்டரு, 208 வளைவு, 250 பாலம், 16 குகையா? அதெல்லாம் ஸ்டேஷன் பலகையிலயே எழுதி வெச்சிருக்காங்க கண்ணு, நீ வேற எதுக்கு ஒப்பிக்கறே. வாத்தியாரு இங்க யாரும் இல்லை. கீழ மேட்டுப்பாளையம் 326 மீட்டர் ஒசரம், மேல ஊட்டி 2203 மீட்டர். எனக்கும் தெரியும். அந்த நடுவுல இருக்கற ஒசரத்துல பாதியை நான் சம்மட்டியைத் தோள்ல போட்டுட்டு நடந்தே ஏறியிருக்கறேன்.

மணி பாக்காத. இந்த மலைக்கு ரயில் போடலாம்னு வெள்ளைக்காரன் பேச ஆரம்பிச்சது 1854ல. குன்னூருக்கு வண்டி போய்ச் சேந்தது 1899ல. அப்புறமேட்டுக்கு ஊட்டி மண்ணைத் தொட்டது 1908ல. அவனுக்குக் குன்னூரு வரைக்குமே 45 வருசம் பொறுமை இருந்திருக்குது. உனக்கு 45 நிமிசம் இருக்க மாட்டேங்குது.

மொதல்ல ஒரு கேள்வி. வண்டி எந்தப் பக்கமிருந்து வரும்? மேட்டுப்பாளையத்துப் பக்கமிருந்தா, சரி. இன்ஜின் எங்க இருக்கும்? முன்னாலயா?

அட கெரகமே! ஊருப்பட்ட கணக்கை மனப்பாடம் பண்ணிட்டு வந்தே, இதைப் பண்ணலையா? மேல ஏறும்போது இன்ஜின் பின்னால இருந்துதான் தள்ளும். அந்த மேட்டுல கொக்கி கழண்டுக்கிட்டா பெட்டி பின்னால உருண்டு வந்துராம அணைச்சுப் பிடிக்க ஆளு வேணுமல்ல? அதுக்குத்தான். எறங்கும்போது அதே இன்ஜின் முன்னால நின்னு பெட்டிகளை முதுகுல தாங்கிட்டு வரும். ரெண்டு நேரமும் பள்ளத்துப் பக்கம்தான் அதுக்கு வேலை. இந்த வளைவுல எத்தனை பேரை நான் பாத்திருக்கறேன்! கேமராவைக் கண்ணுல ஒட்டவெச்சு, மூச்சைப் பிடிச்சுட்டு நிப்பான். வளைவுல இருந்து நீலப் பெட்டி மூஞ்சி எட்டிப் பாக்கும். முன்னால கொடி வெச்சுட்டு ஒரு ஆளு நிப்பான். "இன்ஜின் எங்க, இன்ஜின் எங்க"ன்னு இவன் பதறி, கேமராவை எறக்கி, என்னமோ திருகி, மறுபடி தூக்கறதுக்குள்ள இன்ஜின் கடந்து போய், வால்புகை மட்டும் பாக்கி இருக்கும். அதை வந்து என்கிட்டக் காட்டுவான், "பெரியவரே, எப்படி"ம்பான். நல்லா இருக்குது சாமி, மேகத்தைத் தனியா எடுத்திருக்கறீங்கன்னு சொல்லி அனுப்பிருவேன்.

வெயில் கணக்கையும் கேட்டுக்கோ, காசு வேண்டாம். மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் லைன் ஏறக்குறைய வடமேற்கே போகுது. காலையில 7.10க்குக் கெளம்பற வண்டிக்குப் பொழுது முதுகுப் பக்கம். இன்ஜினும் முதுகுப் பக்கம். அப்ப வண்டியை உன்னைத் தாண்டிப் போக விட்டுட்டுப் பின்னால இருந்து எடுத்தியானா இன்ஜின் மேல வெயில் பளிச்சுனு விழும். ரயிலை முன்னால இருந்துதான் எடுக்கோணும்னு உனக்குச் சொன்னது யாரு? பொழுதோட திரும்பி வர்ற வண்டிக்கு இன்ஜின் முன்னால. ஆனா அப்பப் பொழுது மேற்க எறங்கியிருக்கும். வண்டிக்குப் பின்னால இருந்து அடிக்கற வெளிச்சம். இன்ஜின் கறுப்பாத்தான் தெரியும், ஆனா ஆவி பூராவும் பொன்னாட்டம் மின்னும். ஊட்டியில 2 மணிக்குக் கெளம்பி மேட்டுப்பாளையத்துக்கு அஞ்சரைக்கு மேல வரும் அது. மழை முடிஞ்ச மாசத்துல எடு. இப்பப் பாரு, ராத்திரி பேஞ்ச மழையில பாக்கு மரமெல்லாம் கழுவி வெச்சாப்ல நிக்குது. தூசியே இல்லை. படத்துக்கு நல்ல நாளு. மத்ததுக்கு எப்படியோ.

அப்புறம் இந்தப் புகை. அய்யோ, இந்தப் புகைக்கு நீங்க படற பாடு! "அண்ணே, கொஞ்சம் கறும்புகை விடுங்கண்ணே"ன்னு ஒருத்தன் ஹில்குரோவ் ஸ்டேஷன்ல பயர்மேன்கிட்டக் கெஞ்சிட்டு நின்னதை நான் என்ற கண்ணால பாத்தேன். கண்ணு, கறும்புகை வந்தா எண்ணெய் சரியா எரியலைன்னு அர்த்தம். எரியாத எண்ணெய் புகைபோக்கி வழியா வானத்துக்குப் போகுதுன்னு அர்த்தம். நல்ல பயர்மேனுக்கு அது மானக்கேடு. நீ அவனை நிறுத்தி வெச்சு, "உன்ற வேலையைக் கொஞ்சம் மோசமாச் செஞ்சு காட்டேன்"னு கேக்கறே. அவன் சிரிச்சுட்டே போயிட்டான். நானா இருந்தா சாந்துச் சட்டியை எடுத்து உன் தலையில கவுத்திருப்பேன்.

உனக்கு வேண்டியது வெள்ளைப் பொகைதான? அது புகையே கெடையாது, நீராவி. காத்து சில்லுனு இருந்தாத்தான் அது வெள்ளையாத் திரளும். சித்திரை வெயில்ல கல்லாறுல வந்து நின்னுட்டு "ஆவியே தெரியலையே பெரியவரே"ன்னா நான் என்ன பண்ணட்டும்? மார்கழியில, விடியக்காலம் வா. ஒண்ணு பண்ணலாம், மேல போகப் போகக் குளிரும். ரன்னிமேடு ஸ்டேஷன் தாண்டினா அதே இன்ஜின் அதே ஆவியை ரெண்டு மடங்காக் காட்டும்.

பாரு, அந்த இன்ஜின் இருக்குதே, எக்ஸ் கிளாஸ்னு பேரு, அது சுவிட்சர்லாந்து விண்டர்தூர்ல பொறந்தது. 1914ல இருந்து 1925 வரைக்கும் ஒரு செட்டு, 1952ல இன்னொரு செட்டுன்னு வந்துச்சு. அதெல்லாம் கெழடு தட்டவும், நம்ம பொன்மலைப் பட்டறையில 2011ல இருந்து எண்ணெயில ஓடற புது இன்ஜினாவே கட்டிக் குடுத்தாங்க. இது தெரியாம ஒருத்தன் வந்து, பொன்மலை இன்ஜின் பக்கத்துல நின்னு கண்ணு கலங்கி, "நூறு வருசத்து வரலாறு பேசுது அய்யா"ங்கறான். பேசுது சாமி, திருச்சித் தமிழ்ல பேசுதுன்னு சொன்னேன். அவனுக்குப் பிடிக்கலை. பழசுன்னு நெனச்சுத் தொட்டுட்டானாம். எனக்கென்னமோ அந்தப் பொன்மலை ஆளுங்க செஞ்சதுதான் பெரிய காரியமாப் படுது. நீராவி இன்ஜின் செய்யறதை ஊரே மறந்துபோன காலத்துல, ஒவ்வொரு சாமானா அளந்து செஞ்சிருக்காங்க. அதை யாரும் கண்ணு கலங்கிப் பாக்கறதில்லை.

இன்னொரு டீ சொல்லட்டுமா? நீயே சொல்லு, எனக்குக் கடைக்காரர்கிட்டப் பழைய பாக்கி இருக்குது. அப்படியே அந்த பன்னுலயும் ஒண்ணு.

கீழ குனிஞ்சு பாத்திருக்கறியா எப்பவாச்சும்? ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவால பல்லு வெச்ச பட்டை ரெண்டு ஒட்டி ஒட்டி ஓடுது பாரு, அதுதான் இந்த மலையோட ரகசியம். இந்தக் கல்லாறுல ஆரம்பிச்சுக் குன்னூரு வரைக்கும். ஆப்ட்னு ஒரு சுவிஸ்காரன் ரோசனை பண்ணுனது. ஒரு பட்டையில பல்லு இருக்கற எடத்துல பக்கத்துப் பட்டையில சந்து இருக்கும். அப்ப இன்ஜினோட பல்சக்கரத்துக்கு எந்த நேரமும் ஏதாச்சும் ஒரு பல்லு பிடி குடுத்துட்டே இருக்கும். பன்னண்டு அடி போனா ஒரு அடி ஏறுற மேடு கண்ணு இது. வெறும் இரும்புச் சக்கரம் வெறும் இரும்புத் தண்டவாளத்துல இந்த மேட்டுல நின்னு காட்டட்டும், பாக்கலாம். வழுக்கிட்டு மேட்டுப்பாளையம் உருளைக்கெழங்கு மண்டிக்கே போய்ச் சேந்துரும். இந்தியாவுல பல்லு வெச்ச ரயில்பாதை இது ஒண்ணுதான். நீங்க அத்தனை பேரும் புகைபோக்கியை அண்ணாந்து பாத்துட்டு நிக்கறீங்க. பல்லைப் படம் பிடிச்சவனை விரல் விட்டு எண்ணிப்போடலாம்.

அந்தப் பல்லுல எண்ணெயும் மண்ணும் அப்பிக் கெடக்கும். அதைத் தொடைச்சு, போல்ட்டு தட்டிப் பாத்து, தேஞ்சதை மாத்தறதுதான் எங்க பொழப்பு. ஒரு போல்ட்டு லூசா இருந்தா சம்மட்டியில தட்டும்போதே சத்தம் வேறயா வரும். காதுல கேக்கறதை உன்ற கேமராவுல எடுக்க முடியாதுதான். இருந்தாலும் தட்டறவன் தலையைச் சாச்சுட்டு நிக்கறதை எடுக்கலாமல்ல?

இன்ஜினோட பக்கத்தையும் பாரு. ஒவ்வொரு பக்கமும் ஒண்ணுமேல ஒண்ணா ரெண்டு சிலிண்டரு. கீழ இருக்கறது சாதாச் சக்கரத்தை ஓட்டறது. மேல இருக்கறது பல்சக்கரத்தை ஓட்டறது. சமதரையில கீழது மட்டும் வேலை செய்யும். பல்லு ஆரம்பிச்ச எடத்துல இருந்து, கீழ ஒருக்கா உழைச்ச ஆவியை வீணடிக்காம மேல அனுப்பி மறுபடி உழைக்க வெப்பாங்க. அதான் கல்லாறு தாண்டுன ஒடனே சத்தமே மாறிப்போகுது. மேல ஒரு தாளம், கீழ ஒரு தாளம். வண்டி மெதுவாத்தான் ஏறும், ஓடற ஆளு பிடிச்சுப்போடலாம். அதைப் போய்ப் பறக்கற ரயிலுக்கு வெக்கற ஷட்டரை வெச்சு எடுத்தா, தடியும் சக்கரமும் உறைஞ்சுபோய், ஷெட்டுல நிறுத்தி வெச்ச இன்ஜினாட்டமே இருக்கும். ஷட்டரைக் கொறச்சு வெச்சு, வண்டி போற வேகத்துக்குக் கேமராவையும் கூடவே திருப்பு. பெட்டி தெளிவாவும் தடிங்க மட்டும் கலங்கலாவும் விழும். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறியா? உன் வயசுல ஒரு அம்மிணி வந்துச்சு. ஒரே ஒரு கேமரா, ஒரே ஒரு லென்ஸ். பொழுதுக்கும் இந்த பெஞ்சுல உக்காந்து எங்களுக்கெல்லாம் காட்டிட்டுப் போச்சு. உன் மூட்டையில பாதிகூட அதுகிட்ட இல்லை.

அந்தா பாரு. கடப்பாறை, மம்முட்டி, கூடையெல்லாம் தூக்கிட்டுக் கேங் ஆளுங்க லைனோட மேல போறாங்க. நல்ல கூட்டமாப் போறாங்க. முன்னால தலைப்பாக் கட்டிட்டுப் போறவன் என்கிட்ட வேலை கத்தவன். காலை வெளிச்சம், ஈரத் தண்டவாளம், இரும்பைத் தோள்ல போட்ட ஆளுங்க. ஒரு படம் எடேன். ஒரு வார்த்தை பேசிட்டு எடு, நல்லாச் சிரிப்பான்.

வேண்டாமா? லென்ஸுல தூசியா இருக்குதா? சரி, தொடை. நீ தொடை.

பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பான், அவனையாச்சும் எடுங்கடான்னு எத்தனை பேருகிட்டச் சொல்றது. எறக்கத்துல விசில் சத்தம் கேட்டுக் கையால பிரேக் பிடிக்கறது அவனுங்கதான். முன்னால நிக்கறவன் பாதையைப் பாத்துக் கொடி காட்டினாத்தான் பின்னால தள்ளற டிரைவருக்கு வழி தெரியும். டிரைவருக்கு முன்னால பெட்டி மறைக்குதல்ல? அப்ப அந்த வண்டிக்குக் கண்ணு யாரு? அவனை ஓரமா ஒதுங்கச் சொல்லிப்போட்டு ஜன்னல்ல தொங்கற பொம்பளைப் புள்ளைங்க துப்பட்டாவை எடுக்கறீங்க. எடுத்தாலும், "அண்ணே, அனுப்பறேன்"னு சொல்லி நெம்பர் வாங்கிட்டுப் போறீங்க. போனவன் போனதுதான். உங்க போன்ல எல்லாருக்கும் எடம் இருக்குது, படத்துல இருக்கறவனுக்கு அனுப்பத்தான் நெட்டு கெடைக்க மாட்டேங்குது.

எங்க நிக்கறதுங்கறதுல கொஞ்சம் காதைக் குடு. இதுல நான் லொள்ளு பேச மாட்டேன். தண்டவாளத்து மேல நடக்காத. பாலத்து மேல ஏறாத. 1989 ரயில்வே சட்டத்துல 147ன்னு ஒரு பிரிவு இருக்குது. அத்துமீறி நொழைஞ்சா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லாட்டி ஆயிரம் ரூபா வரைக்கும் அபராதம், இல்லாட்டி ரெண்டும். ஆயிரம் ரூபாதானேன்னு நெனைக்காத. பின்னால இருந்து தள்ளற வண்டி கண்ணு இது. நீ சத்தம் வர்ற எடத்தை இன்ஜின்னு கணக்குப் போட்டுட்டு நிப்பே. அதுக்கு நாலு பெட்டி முன்னாலயே வண்டியோட மூஞ்சி உன்ற முதுகுக்கு வந்திருக்கும். மெதுவாப் போற வண்டி ஒண்ணும் பண்ணாதுங்கறது மசையன் பேச்சு. பாலத்துல ஒதுங்க எடமே கெடையாது.

யானை வேற. இந்தக் கல்லாறு அதுங்க காலங்காலமாத் தாண்டற எடம். ரோட்டையும் தாண்டும், லைனையும் தாண்டும். யானை வந்தா லென்ஸ் மாத்திட்டு நிக்காத, எடத்தை மாத்து. ஹில்குரோவ்ல தண்ணி பிடிக்க வண்டி நிக்கும்போது கொரங்கு வரும். அதுக்கு ரயில்மேல ஆசை கெடையாது, உன்ற பைமேலதான். ஜிப்பு தொறக்கறதுல அது உன்னைவிடக் கெட்டி.

பெட்டி மேல ஏறி ஆடலாமான்னு கேக்கறவனும் வர்றான். 1998ல 'உயிரே' படத்துப் பாட்டுக்கு இந்த வண்டி மேலதான் ஏறி ஆடுனாங்க. அவங்க அனுமதி வாங்கி, ஏற்பாடு பண்ணி, ஆளு வெச்சு ஆடுனாங்க. நீ ஏறினா 156ஆம் பிரிவுல மூணு மாசம் வரைக்கும் உள்ள போடலாம். ஆட்டம் உள்ள போய் ஆடிக்கலாம். கேத்தி ஸ்டேஷனுக்குப் போய் 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சியாட்டம் கொரங்கு சேட்டை பண்ணிக் காட்டறவனுங்களும் உண்டு. அது பரவாயில்லை. அதுல யாருக்கும் கேடில்லை, மானம் மட்டும்தான் போகும்.

ஊர்க்காரங்களை வெரட்டாத. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியாது. போன மழைக்காலத்துக்கு முன்னால ஒரு கூட்டம் வந்துச்சு. கழுத்துல நாலு கேமரா, வாயில நாலு அதட்டல். புல்லுக்கட்டு தூக்கிட்டு வந்த கெழவியை "ஏய், பிரேமுல வர்றே, ஒதுங்கு"ன்னான் ஒருத்தன். அந்தக் கெழவி புல்லு வெட்டற எடத்துலதான் இவனால நிக்கவே முடியுது. நான் எந்திரிச்சுப் போய்ப் பவ்யமா, "தம்பிகளா, இதைவிட அருமையான எடம் ஒண்ணு இருக்குதுங்க, யாருக்கும் சொல்றதில்லை"ன்னு சொன்னேன். ஒரு மைல் ஏத்தத்துல, அட்டை கடிக்கற ஓடை வழியா அனுப்பி வெச்சேன். அங்கிருந்து ரயில் தெரியாது. சத்தம் நல்லாக் கேக்கும். திரும்பி வந்து எனக்கு நன்றி வேற சொன்னானுங்க. சூழல் அருமையா இருந்துச்சாம்.

உன்னை அங்க அனுப்பலை பாத்துக்கோ. நீ வந்த ஒடனே "அய்யா"ன்னு கூப்பிட்டே. டீயும் வாங்கிக் குடுத்தே.

இன்னொரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளா. மேட்டுப்பாளையத்துல இருந்து கோயமுத்தூருக்கு மெமு வண்டி போகுதே, அதை எவனாச்சும் எடுக்கறீங்களா? மில்லுக்குப் போறவன், காலேஜுக்குப் போற புள்ளைங்க, கத்திரிக்காக் கூடை தூக்கிட்டுப் போற அம்மிணி, எல்லாருமே அதுலதான். மலை ரயில்ல ஊரைப் பாக்கப் போறவன் போறான், மெமுவுல ஊரே போகுது. மெட்ராஸ்ல இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி பூரா தூங்கி வந்து எறங்குவீங்க. வந்த வண்டியைத் திரும்பிக்கூடப் பாக்காம மலை வண்டியைப் பாக்க ஓடுவீங்க. உங்களைச் சொமந்துட்டு வந்த வண்டிக்கு ஒரு படம் கெடையாது.

கேட்டா, "அது சாதா ரயில்தானே"ங்கறீங்க. கண்ணு, நீராவி இன்ஜினும் ஒரு காலத்துல சாதா ரயில்தான். கரியப்பிட்டு, சட்டையில பொத்தல் போட்டுட்டு வர்ற சனியன்னு சனங்க வைவாங்க. சித்தரஞ்சன் பட்டறையில 1972ல கடைசி நீராவி இன்ஜினைச் செஞ்சு முடிச்சாங்க. 1995ல அகலப்பாதையில நீராவியே நின்னுபோச்சு. அப்புறமேட்டுக்குத்தான் எல்லாருக்கும் அது மேல பாசம் பொத்துட்டு வந்துச்சு. அதுக்கடுத்து டீசல். 1962ல அமெரிக்காவுல இருந்து வந்த ஆல்கோ சாதி இன்ஜின், பின்னால காசியிலயே வருசம் பூராச் செஞ்சு தள்ளுனாங்க. அது வந்தப்ப எங்க மேஸ்திரி காறித் துப்புனாரு, ரயிலுக்கு உசிரே போச்சுன்னு. இப்ப அதுவும் பழைய இரும்புக்குப் போகுது. ஈரோட்டு ஷெட்டுப் பக்கம் போய் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கண்ணுல தண்ணி விடறவனுங்க இருக்கானுங்க. மேஸ்திரி இருந்திருந்தா அவனுங்க மேலயும் துப்பியிருப்பாரு.

நீலப் பெட்டியைச் சொல்லு. பெரம்பூர்ல 1955ல தொடங்குன பெட்டித் தொழிற்சாலையில செஞ்ச பழைய மாதிரிப் பெட்டி. நீயும் நானும் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் போனது அத்தனையும் அதுலதான். 2018 சனவரியோட அந்த மாதிரியைச் செய்யறதையே நிறுத்திப்போட்டாங்க. ஓடறது ஒவ்வொண்ணாக் கழிஞ்சுட்டு வருது. ஜன்னல்ல இரும்புக் கம்பி, கழுவாத பச்சை சீட்டு, மேல சங்கிலி. உள்ள போய் எடுத்து வெச்சிருக்கறியா? இல்லையல்ல? இன்னும் இருவது வருசம் கழிச்சு ஒரே ஒரு பெட்டியை மியூசியத்துல கயிறு கட்டி நிறுத்துவான். அதைத் தொடாம நின்னு எடுப்பே, டிக்கெட் வாங்கி.

எல்லாருக்கும் சாவு வீட்டுலதான் கேமரா ஞாபகம் வருது. பாம்பன் பழைய பாலம் 1914ல தொறந்தது. கப்பல் வந்தா ஆளுங்க கையால சுத்தித்தான் அந்த நடுப்பாலத்தைப் பொளந்து தூக்குவாங்க. அந்த ஆளுங்க வேர்வையை எத்தனை பேரு எடுத்தான்? 2022 டிசம்பர்ல வண்டி நின்னுபோச்சுன்னதும், சாகக் கெடக்கற பெரிய மனுசனைப் பாக்க வர்ற ஒறம்பரையாட்டம் கூட்டம் கூட்டமா வந்து நின்னாங்க. இப்ப 2025 ஏப்ரல்ல புதுப்பாலம் தொறந்தாச்சு. நடுவால 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நெட்டுக்கு மேல போகுது. அதைப் பாத்து "பழசாட்டம் வருமா"ன்னு பெருமூச்சு விடறானுங்க. விடட்டும். அதுக்கும் நூறு வருசம் ஆகட்டும், அப்ப இவனுங்க பேரன் வந்து மூக்கைச் சிந்துவான்.

செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் மலைக்குள்ள 1904ல போட்ட மீட்டர் கேஜ் இருந்துச்சு. 2010ல மூடுனப்பவும் இதே கூத்துதான், கடைசி வண்டிக்குக் கால் வெக்க எடமில்லை. அதுக்கு மொத வாரம் ஓடுன வண்டியில கூட்டமே இருந்திருக்காது, அதை எவனும் எடுத்திருக்கவும் மாட்டான். அகலப்பாதை ஆக்கி 2018ல மறுபடி வண்டி விட்டாங்க. பதிமூணு கண்ணு வெச்ச அந்தக் கல்லுப்பாலம் இன்னும் அங்கதான் நிக்குது. அதுமேல இப்பப் போறதும் ரயில்தான். போய்ப் பாரு.

ஆமா, 1855ல செஞ்ச ஒரு இன்ஜினை 2010ல மெட்ராஸ் பெரம்பூர்ப் பட்டறையில உசிர் குடுத்து எழுப்பி எப்பவாச்சும் ஓட்டிக் காட்டறாங்களாமே? பாத்தியா? படம் எடுத்தியா? எத்தனை எடுத்தே? அதுல பட்டறைக்காரன் ஒருத்தனாச்சும் இருக்கறானா? பாரு பாரு, மெதுவாப் பாரு, நேரமிருக்குது.

எத்தனை மணி ஆச்சுங்கறே? எட்டரையா? பேச்சுல பொழுது போனதே தெரியலை. வண்டி ஏன் இன்னும் வரலைன்னா?

அது வராதே கண்ணு. ராத்திரி பேஞ்ச மழைக்கு மேல மண்ணு சரிஞ்சு லைன்ல விழுந்துருச்சு. குன்னூரு வரைக்கும் இன்னைக்கு வண்டி ரத்து. விடியக்காலம் நாலு மணிக்கே எனக்குப் போன் வந்துருச்சு. அந்தத் தலைப்பாக்காரன்தான் சொன்னான். கடப்பாறையும் கூடையும் தூக்கிட்டு அத்தனை பேரு மேல போனாங்களே, எதுக்குப் போறாங்கன்னு நீ கேக்கவே இல்லையே? நான் எடு எடுன்னேன். நீ லென்ஸைத் தொடச்சுட்டு இருந்தே.

மொகத்தைத் தூக்காத. மொதல்லயே சொல்லியிருந்தா நீ டீ வாங்கிக் குடுத்திருப்பியா, என்ற கூட நாயம்தான் பேசியிருப்பியா? ரோட்டுக்குப் போய்க் குன்னூரு பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்து. அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஓடும், அந்தப் பக்கம் ஒண்ணும் ஆகலை. டீசல் இன்ஜின்தான், பல்லும் கெடையாது, புகையும் கம்மி. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல்னு வரிசையா ஸ்டேஷன். தேயிலைக்கு நடுவால போகும். இஷ்டமில்லைன்னா கீழ எறங்கு, மெமு நிக்கும்.

பஸ்ஸு வர்ற சத்தம் கேக்குது, ஓடு. இரு இரு, பன்னு ரெண்டு, வடை ஒண்ணு, டீ நாலு. கடைக்காரர்கிட்டக் குடுத்துட்டு ஓடு. என்ற பழைய பாக்கியையும் அவரு ஞாபகப்படுத்துவாரு, அதைக் கண்டுக்காத.